சட்டைப்பின் குத்திய செருப்பு

தொலைபேசியில் யோசேப்பு அண்ணையின் குரல். "அக்கா எங்களை விட்டுப் போட்டா, தம்பி." பிறகு காற்று மட்டும் இரைந்தது.

சண்டையால் வடக்கே போகும் பாதை மறுபடியும் பூட்டியிருக்கிறது. கொழும்பிலிருந்து எழுவைதீவுக்குப் போக எனக்கு வழியில்லை. திரேசா அக்காவை அறிந்தவர்களுக்கு, வந்து நிற்க முடியாத ஒருவன் எழுதுவது இது.

முன்பு போரில் பொருள்களுக்குத் தடை இருந்த ஆண்டுகளில் வலைக்கு மிதப்புகள் கிடைக்கவில்லை. கடல் ஒதுக்கியதை அக்கா பொறுக்கினார். போத்தல், உடைந்த பிளாஸ்டிக் கான், எல்லாவற்றையும் விட அதிகமாகச் செருப்பு. அடியை வட்டமாக வெட்டி, காய்ச்சிய கம்பியால் துளையிட்டுக் கயிற்றில் கோப்பார். கரையில் பாதி வலைகள் அப்படித்தான் மிதந்தன.

"அக்கா, இது ஆற்றை கால்? வள்ளம் மாதிரிக் கிடக்கு." ஒரு பெரிய செருப்பைத் தூக்கி, யாருடையதென்று கேட்டேன்.

"ஆற்றையெண்டா உமக்கென்ன? மீன் வந்து அளவு பாக்கப் போகுதே?"

சண்டை ஓய்ந்து பாதை திறந்து, கடைகளுக்கு மிதப்புகள் வந்த பிறகும் அவருடைய வேலை நிற்கவில்லை. வாங்க எல்லோராலும் முடியாது.

சுனாமியாகக் கடல் பொங்கிய மார்கழி. எங்கள் தீவை அது பெரிதாகத் தொடவில்லை. சில நாட்களில் வடக்குக் கரை முழுவதும், கடல் வேறு ஊர்களில் அள்ளியவர்களின் செருப்பு.

நான் விடுமுறையில் வந்திருந்தேன். அக்காவின் தம்பி யோசேப்பு அண்ணை, வலை கிழிந்து, மாதக்கணக்காக மற்றவர் வள்ளத்தில் போய்வந்தார். புதிய வலை வீட்டு மூலையில் மிதப்புகளுக்காகக் கிடந்தது. சாக்குச் சாக்காகச் செருப்பைக் கொண்டுவந்து கொட்டினார்.

அக்கா கத்தியோடு இருந்தார். முதலில் எடுத்தது ஒரு சிறிய செருப்பு. வார் அறுந்து, அடியில் சட்டைப்பின் குத்தியிருந்தது. கத்தியைக் கீழே வைத்தார்.

"இதை வெட்டேலாது."

"ஏன்?" என்றார் அண்ணை.

"பின் குத்தியிருக்கு. நாளைக்கும் நடக்கலாமெண்டு ஆரோ குத்தினது."

"மற்றதுகளிலை பின் இல்லைத்தானே. அதுகளை வெட்டு."

"அதுகளும் ஆற்றையோதான்."

"இவ்வளவு நாளும் வெட்டினது ஆற்றையாம்?" அண்ணை கத்தினார். "அப்ப என்ர வலை தாழட்டோ?"

அக்கா செருப்புகளை அள்ளினார். எல்லாவற்றையும் கழுவினார். வேதக்கோயில் பின்விறாந்தையில் சோடி சேர்த்து அடுக்கினார். பெரும்பாலானவற்றுக்குச் சோடி இல்லை.

மறுநாள் வீட்டிலிருந்த கான்களை வெட்டினார். பிறகு தன் செருப்பை. பிறகு அண்ணையுடையதை. மிதப்பு இன்னும் கொஞ்சம் குறைந்தது. என் காலைப் பார்த்தார்.

"கழட்டும்."

"அக்கா, நான் கம்பசுக்குப் போகவேணும்."

"போம். அங்கை காலுக்கே படிப்பிக்கினம்?"

அண்ணைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வாரமே வலை கடலுக்குப் போனது.

செருப்பைத் தேடி எழுவைதீவுக்கு யாரும் வரவில்லை. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அக்கா அவற்றைத் துடைத்து வைப்பார் என்று பின்னர் கேள்விப்பட்டேன்.

தொலைபேசியை வைக்கும் முன் அந்தச் செருப்புகளைப் பற்றி அண்ணையிடம் கேட்டேன்.

"இருக்கு," என்றார். "விறாந்தையை வெறுமையாக்கச் சொல்லிப் பங்குச் சுவாமி சொன்னவர். நான் விடேல்லை."

அக்காவின் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. என் செருப்புத்தான் அவரிடம் போனது. அன்று வெறுங்காலோடு இறங்குதுறைக்கு நடந்தேன். வழி முழுவதும் பவளப்பாறையின் முருகைக்கல் குத்தியது. அந்தக் குத்தலைத்தான் வைத்திருக்கிறேன்.