எத்திராஜ் பத்திரப்படுத்திய பெயர்

சில வருடங்களுக்கு முன் ஒரு நாள், கோவிந்தப்பாவின் பேக்கரி வாசலில் ஒரு காபியை இரண்டாகப் பிரித்து 'பை-டூ' வாங்கி, தன் பாதியை ஊதிக்கொண்டே, பக்கத்து பெஞ்சில் ரொட்டிக்குக் காத்திருக்கும் கணவன் மனைவியை எத்திராஜ் நோட்டம் விடுகிறார். அந்தப் பெண்ணுக்கு ஏழாவது மாதம் இருக்கும். அவர் வாயைத் திறப்பதற்குள் பேச்சை மாற்றியாக வேண்டும். மழை, மின்வெட்டு, கிரிக்கெட் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் எடுத்துவிட்டுப் பார்க்கிறேன். எதுவும் எடுபடவில்லை. "பேரு பாத்துட்டீங்களா சார்?" என்று முன்பின் தெரியாத அந்த மனிதரிடம் ஆரம்பித்துவிட்டார்.

அடுத்து வருவது எனக்கு மனப்பாடம். "பொண்ணு பொறந்தா வெக்கிறதுக்கு என்கிட்ட ஒரு பேரு இருக்கு. ஆனா சொல்லமாட்டேன். என் பொண்ணுக்குன்னு வெச்சிருக்கேன்." அந்த மனிதர் கேட்கவே இல்லை. கேட்காதவர்களிடம் சொல்லாமல் இருக்கத்தான் இவரால் முடியாது. ஒரு வாய் காபி உள்ளே போகும். "சரி, உங்களப் பாத்தா நல்லவரா தெரியுது. வெளிய விட்ராதீங்க. ஏல்சா."

அத்தோடு விட்டால் தேவலை. என் தட்டிலிருக்கும் பன்னை எடுத்து மேஜைக்கு நடுவில் வைப்பார். எப்போதும் என் பன்தான். தன்னுடையதை அதற்குள் சாப்பிட்டு முடித்திருப்பார். "இது மலை. ஸ்காட்லாந்துப் பக்கம், கடல் நடுவுல தனியா நிக்குது. இந்த கிளாஸ் இருக்கில்ல, இது கரை. இங்கதான் எனக்கு ரூம் குடுத்திருந்தாங்க. அந்த மலை பேருதான் ஏல்சா கிரெய்க். மனுசன் ஒருத்தன் கெடையாது அதுல. பூரா பறவைங்க. அந்த மலைக் கல்லைத்தான் செதுக்கி அந்த ஊர்ல ஐஸ் மேல தள்ளி வெளையாடுவாங்க. அந்தப் பேரை எடுத்துப் பொம்பளப் புள்ளைக்கு வெச்சான் பாருங்க, அவன் ரசிகன்!" பெயருக்கு என்ன அர்த்தம் என்று யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால் இன்னும் கால் மணி நேரம். தேவதைப் பாறை என்பார்கள் சிலர், பழங்காலத்துக் கடலோடி ஒருவனின் பெயர் என்பார்கள் சிலர். அந்த ஊர்க்காரர்களுக்கே முடிவு தெரியாது என்பதை ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரிச் சொல்லி முடித்து, பன்னைத் திரும்ப என் தட்டில் வைப்பார். அந்தப் பன்னை நான் எப்படித் தின்பேன் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

எத்திராஜுக்கு நாற்பத்திரண்டு வயது. அல்சூரில் பிறந்து வளர்ந்தவர். இப்போது ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டுக்குக் கீழே குடியிருக்கிறார். ஒரு தொழிற்சாலையில் பாய்லர் பராமரிப்பு வேலை. சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் டெஸ்டர் குத்தியிருக்கும். யார் வீட்டுக்குப் போனாலும், கல்யாண வீடோ சாவு வீடோ, கேட்காமலே சுவிட்ச் போர்டைச் சோதித்துப் பார்ப்பார். 1994இல் கம்பெனி அவரை ஆறு மாதம் ஸ்காட்லாந்துக்கு அனுப்பியது. வெளிநாடு போய் வருகிறவர்கள் சென்ட்டு பாட்டிலும் சாக்லேட்டும் கொண்டுவருவார்கள். இவர் ஒரு மழைக்கோட்டும் இந்தப் பெயரும் கொண்டுவந்தார். கோட்டைக் கேட்டால் தரமாட்டார். பெயரை மட்டும் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுத்தார்.

இந்தப் பைத்தியத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பள்ளிக்கூடத்தில் இவர் வகுப்பில் இன்னும் சில எத்திராஜ்கள் இருந்தார்களாம். ஒருவன் குண்டு எத்திராஜ், ஒருவன் பால்கார எத்திராஜ். இவருக்கு அடையாளம் சொல்ல ஒன்றும் அகப்படாததால் வாத்தியார் 'இன்னொரு எத்திராஜ்' என்று கூப்பிட்டிருக்கிறார். அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. ஸ்காட்லாந்துத் தொழிற்சாலையின் கேண்டீனில் பரிமாறிய அம்மாளின் பெயர் ஏல்சா. "அந்த ஊர்லயே அந்தப் பேரு அவ்ளோவா கெடையாது சார். அத்தன பேரு சாப்பிடற எடத்துல ஒரு குரல் குடுத்தா அந்தம்மா ஒருத்திதான் திரும்புவா. அப்பவே முடிவு பண்ணிட்டேன், என் பொண்ணுக்கு இதான்னு." அப்போது அவருக்குக் கல்யாணமாகி நாலு வருடம். பெண்ணும் இல்லை, பையனும் இல்லை. ஊருக்கு வந்து சொன்னதும் அவருடைய அக்கா, "ஏலேலோ ஏல்சாவா?" என்று துடுப்புப் போடுகிற மாதிரி கையை ஆட்டிக் காட்டியிருக்கிறார். அந்த அக்காவோடு ஒரு வருடம் பேச்சுவார்த்தை இல்லை.

பெயர் முதலில் போனது டெஸ்மண்ட் வீட்டுக்கு. காக்ஸ் டவுனில் கிடார் சொல்லிக்கொடுக்கும் டெஸ்மண்ட் இவருடைய பழைய சிநேகிதர். 1996இல் அவருக்கு மகள் பிறந்தாள். ஞானஸ்நானத்துக்கு அழைக்க வந்தவர், "பேரு ஏல்சா மேன், நீ சொன்னதுதான், ஃபென்டாஸ்டிக் பேரு!" என்று எத்திராஜின் முதுகில் ஒரு தட்டு தட்டினார். எத்திராஜ் வீட்டில் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் ஞானஸ்நானத்துக்கு முதல் ஆளாகப் போனார். போய், பாதிரியார் அந்தப் பெயரைச் சொன்ன விதம் சரியில்லை என்று எல்லோருக்கும் முன்னால் திருத்திவிட்டு வந்தார்.

பட்ட பிறகாவது வாயை மூடவேண்டுமா இல்லையா? மூன்று வருடம் கழித்துக் கோவிந்தப்பாவின் பேத்திக்கும் அதே பெயர். "நீங்க தினமும் என் பேக்கரியில நின்னு சொல்லிச் சொல்லி என் மருமகளுக்குப் புடிச்சிப்போச்சு சார். சென்னாகிதெ, நல்ல பேரு. ஏன், பேருக்கெல்லாம் ஓனர் உண்டா?" என்று கோவிந்தப்பா கல்லாவிலிருந்தே கேட்டார். பிறகு சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் குழந்தைகளுக்கு கவுன் விற்கும் கடை ஒன்று 'ஏல்சா ரெடிமேட்ஸ்' ஆயிற்று. விக்கி என்ற ஆட்டோக்காரப் பையன் தன் வண்டியின் முதுகில் மஞ்சள் எழுத்தில் எழுதிக்கொண்டான். அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. "நம்பிச் சொன்னேன் சார், எல்லாரும் சுட்டுட்டாங்க" என்று எத்திராஜ் என்னிடம் புலம்பினார். தண்டோரா போட்டவரே திருட்டுப் போய்விட்டது என்று புகார் கொடுத்தால் என்ன செய்வது? எனக்கு வந்த கோபத்துக்கு மாடிப்படி இரண்டிரண்டாக ஏறி வீட்டுக்குப் போய்விட்டேன்.

அவர் மனைவி சீதாலட்சுமி ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் சூப்பர்வைசர். நாள் முழுக்கத் தையல் மெஷின் சத்தத்தில் நிற்பதாலோ என்னவோ, வீட்டில் அதிகம் பேசமாட்டார். எத்தனையோ ஆஸ்பத்திரி, எத்தனையோ கோயில் பார்த்தாயிற்று. 2001இல் ஒரு நாள் அவரைக்காய் உரித்துக்கொண்டே என் மனைவியிடம் சொன்னார்: "நான் புள்ள பெக்கல. அவருதான் பேரு பெத்து வெச்சிருக்காரு. அதையும் ஊருக்கெல்லாம் தூக்கிக் குடுத்துட்டாரு." சொல்லிவிட்டுச் சிரித்தார். என் மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்ட எனக்கும் வரவில்லை.

அந்த வருடமே சீதாலட்சுமி ஒரு முடிவுக்கு வந்து, குழந்தைகள் இல்லம் ஒன்றில் தத்தெடுக்கப் பதிவு செய்தார். இரண்டு வருடம் காத்திருந்து, போன மார்ச் மாதம், 2003இல், ஒரு பெண் குழந்தை வந்தாள். இரண்டரை வயது. கறுப்பாக, துறுதுறுவென்று, எப்போதும் சளி பிடித்த மூக்கோடு. இல்லத்தில் வைத்திருந்த பெயர் எல்லம்மா.

எல்லம்மா! ஜீவனஹள்ளிக் குழாயடியில் நின்று அந்தப் பெயரைச் சொன்னால் குடத்தோடு பாதிப் பெண்கள் திரும்புவார்கள். எத்திராஜ் ஆடிப்போய்விட்டார். இல்லத்துப் பொறுப்பாளர் அம்மாள் அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு சொல்லியிருக்கிறார்: "பேரை மாத்திக்கலாம், உங்க இஷ்டம். ஆனா அவசரப்படாதீங்க. மாத்துத் துணிகூட இல்லாம இங்க வந்த புள்ள. அதுக்குன்னு இருக்கறது அந்தப் பேரு ஒண்ணுதான்." இவர் நன்றாகத் தலையாட்டிவிட்டு, வாசலில் ஆட்டோ ஏறியதுமே "ஏல்சா, அங்க பாரு பஸ்ஸு!" என்று தொடங்கிவிட்டார்.

அப்புறம் எங்கள் வீட்டுக்குக் காலையிலிருந்து ராத்திரி வரை கீழேயிருந்து அந்த ஒரே சத்தம்தான். ஏல்சா பல் தேய்க்கலாம், ஏல்சா சட்டை போடலாம், ஏல்சா யாரு வந்திருக்கா பாரு. குழந்தை சுவரைப் பார்ப்பாள், எறும்பைப் பார்ப்பாள், இவரை மட்டும் திரும்பிப் பார்க்கமாட்டாள். சீதாலட்சுமி இரண்டு பக்கமும் சேராமல் "பாப்பா" என்று கூப்பிட்டுச் சமாளித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் எத்திராஜ் லீவு போட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று கேட்டேன். காது டாக்டரிடம்! "கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்குது சார், காதுல ஏதோ கோளாறு." டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, மணி ஆட்டிப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார். சாயங்காலம் சீதாலட்சுமி முதல் முறையாகக் குரலை உயர்த்தியது மாடி வரை கேட்டது. "அது காதுக்கு ஒண்ணும் இல்ல. உங்களுக்குத்தான் யாரு சொன்னாலும் ஒண்ணும் கேக்கறதில்ல!"

மறுநாள் நானும் என் பங்குக்குப் பிடித்துக்கொண்டேன். ஓர் ஊரே எடுத்துப் பழசாக்கிவிட்ட பெயரை எதற்கு இந்தக் குழந்தை தலையில் கட்டுகிறீர்கள், பெற்றவள் முகம் தெரியாது, வீடு தெரியாது, தெரிந்த ஒரே வார்த்தையையும் பிடுங்கிக்கொள்ள வேண்டுமா என்று வாய்க்கு வந்தபடி கேட்டேன். எத்திராஜ் டெஸ்டரை எடுத்து மூடியைத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரே ஒரு ஆசை சார். புள்ள வர்றதுக்கு முன்னாடி ஒம்போது வருசம் இந்தப் பேர்கிட்டதான் பேசிட்டு இருந்தேன். ராத்திரியில, மனசுக்குள்ள. இப்ப அதை எங்க கொண்டுபோய் வெக்கறது?" அந்த ஒன்பது வருடத்தில் அவர் பெயரோடு பேசிக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பெயரைப் பற்றிப் பேசுகிறார் என்று மட்டும்தான் நினைத்துச் சலித்துக்கொண்டிருந்தேன். இருந்தாலும் அவர் செய்தது தப்பு என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பேக்கரியில் கூட்டம் இல்லை. கோவிந்தப்பாவின் பேத்தி உள்ளே மைதா மூட்டை மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். எத்திராஜின் மகள் படியில் குந்தி, காலி பால் கவர்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். எத்திராஜ் தேங்காய்ப் பூரணம் வைத்த தில்பசந்த் ஒரு துண்டு வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிட்டார். "ஏல்சா! வாடா செல்லம்!"

குழந்தை திரும்பினாள்.

எத்திராஜ் என் முழங்கையைப் பிடித்து இறுக்கியதில் காபி என் வேட்டியில் கொட்டியது. "பாத்தீங்களா? பாத்தீங்களா சார்?" குழந்தை எழுந்தாள். இவரைத் தாண்டிக் கடைக்குள் போனாள். மைதா மூட்டை மேல் இருந்த கோவிந்தப்பாவின் பேத்தியைக் கையைப் பிடித்து இறக்கி, தன்னைவிடப் பெரிய அந்தப் பெண்ணை இழுத்துக்கொண்டு வந்து, இவர் முன்னால் நிறுத்தினாள். "ஏல்சா இந்தா" என்றாள்.

இவர் நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. கோவிந்தப்பாவின் பேத்தி தில்பசந்தை வாங்கிக் கடித்தாள். பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுக்கிறார்கள், வாங்கினாள், அவள் மேல் தப்பில்லை. எத்திராஜின் மகள், தனக்குச் சொன்ன வேலையை முடித்துவிட்ட திருப்தியோடு ஓர் ஓரமாக நகர்ந்து நின்றாள். தனக்கு வேண்டும் என்று கேட்கவில்லை, அழவில்லை. கூப்பிட்டது வேறு பெண்ணை, கொடுத்தது வேறு பெண்ணுக்கு என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. வீட்டுக்கு வந்ததிலிருந்து அவளுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கிறது என்பது அப்போதுதான் எங்கள் இருவருக்கும் உறைத்தது.

எத்திராஜ் கிளாஸைக் கீழே வைத்தார். பெஞ்சிலிருந்து இறங்கி, தெருவோரத்தில், சைக்கிள்களுக்கு நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். இரண்டு முறை தொண்டையைச் செருமினார். பிறகு, பக்கத்தில் இருந்த எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது, அவ்வளவு மெதுவாக, "எல்லம்மா" என்றார்.

அவள் வந்தாள். அவருடைய இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் புகுந்து நின்றுகொண்டு, அவருடைய இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையின் நுனியை இழுத்து, அதில் நன்றாக அழுத்தி மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.