தங்கச்சியைப் பன்சலைக்குக் கூட்டிப் போனது

யுத்தம் முடிந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்ன அன்று கல்முனைக் கடைத்தெருவில் வெடி கொளுத்தினார்கள். பொலிஸ்காரர் ஒருவர் என் ஹாட்வெயார் கடைக்கே வந்து பால்சோறு தந்தார். சிரித்துக்கொண்டு வாங்கினேன். பயந்தபடியே அன்று அந்திக்குத் தங்கச்சி கடைக்கு வந்துவிட்டாள்.

"இனி ரோட்டுல பயமில்லத்தானே காக்கா. கொழும்புக்கு எப்ப போற?"

நாலரை வருடமாக யுத்தத்தைச் சொல்லித்தான் அவளை மறித்து வைத்திருந்தேன். செக்பொயின்ட், பஸ்ஸில் குண்டு, தமிழ் கதைத்தால் இறக்கி விசாரிப்பார்கள் என்று ஒவ்வொரு முறையும் ஒரு சாட்டு. நாடே சந்தோஷப்பட்ட அந்த நாளில் எனக்குச் சொல்ல ஒரு சாட்டும் மிஞ்சவில்லை.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று அவளுடைய ஒரே மகள் காணாமல் போனாள். ஐந்து வயது. அப்படித்தான் தங்கச்சி சொல்வாள், ஊரும் அப்படித்தான் சொல்லும். பிள்ளை காணாமல் போகவில்லை. நான்தான் மண்ணில் அடக்கினேன்.

இரண்டாம் நாள் மையவாடியில் வெளியூர் ஆட்களோடு நின்று குழி வெட்டிக்கொண்டிருந்தேன். மையத்துகளை டிரெக்டர் பெட்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். குளிப்பாட்ட நேரமில்லை. கபன் துணியும் முடிந்துவிட்டது. அந்தப் பெட்டியில் என் மருமகளைப் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. என் கையாலேயே எடுத்து வைத்தேன், மண்ணும் நானே போட்டேன்.

எங்கள் பக்கம் பெண்கள் மையவாடிக்கு வருவதில்லை. வீட்டில் குளிப்பாட்டிக் கபனிட்ட முகத்தைப் பார்த்து அழுதுவிட்டு வாசலோடு நின்றுவிடுவார்கள். இங்கே வீடும் இல்லை, குளிப்பாட்டலும் இல்லை, கபனும் இல்லை. அந்த முகத்தைத் தாய்க்குக் காட்டத்தான் வேண்டுமா, எப்படியும் அவள் குழியடிக்கு வரப் போவதில்லையே, நாளைக்கு ஆறுதலாகச் சொல்லுவோம் என்று நினைத்தேன். மடையன். வேறென்ன சொல்ல.

மறுநாள் தங்கச்சி இருந்த அகதி முகாமுக்குப் போனேன். அதற்குள் யாரோ ஒரு பொம்பிளை வந்து, சில பிள்ளைகளை வேனில் ஏற்றிக் கொழும்பில் புத்த கோயில், பன்சலை ஒன்றுக்குக் கொண்டுபோனார்கள், அதில் சுருட்டை முடிப் பிள்ளை ஒன்றும் இருந்தது என்று கதை விட்டுப் போயிருந்தாள். அந்தப் பொம்பிளையைக் கண்டால் இன்றைக்கும் எனக்குக் கை துடிக்கும். இரண்டு நாளாகப் பச்சைத் தண்ணீர் குடிக்காத என் தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு பிளேன்டி குடித்தாள். அந்தக் கோப்பை முடியட்டும் என்று இருந்தேன். முடிந்தது. எனக்கு வாய் வரவில்லை. பிறகு ஒவ்வொரு பெருநாளுக்கும், இன்றைக்கு எப்படியும் சொல்லுவோம் என்று அவள் வீட்டுக்குப் போய், சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

எங்களூரில் பெண்பிள்ளைக்குப் பெற்றவர்கள்தான் வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். அவள் புருஷன் சவூதியிலிருந்து அனுப்பிய காசைக் கொண்டு தங்கச்சி மகளுக்கென்று அத்திவாரம் போட்டாள். சீமெந்து என் கடையில்தான் எடுத்தாள். மூட்டைகளை நானே லொறியில் தூக்கிப் போட்டேன்.

கொழும்பில் அந்தப் பன்சலை நடுச் சந்தியில் இருந்தது. ஒரு பக்கம் கண்ணாடிக் கட்டடமாக ஒரு பேங்க், மறுபக்கம் ஹோர்ன் அடித்தபடி பஸ் வரிசை. வாசலில் தாமரைப் பூ விற்றுக்கொண்டிருந்தார்கள். செருப்பைக் கழற்றினோம். காவலாளி என் தொப்பியையும் கழற்றச் சொன்னார். எங்கள் பள்ளிவாசலில் தொப்பி போடாவிட்டால் முறைப்பார்கள், இங்கே போட்டால் குற்றம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிடலாம் என்றும் தோன்றியது.

"இஞ்ச சிலை வச்சிக் கும்பிடுறாங்க. நாம உள்ளுக்குப் போறது சரியில்ல புள்ள," என்றேன்.

"நான் கும்பிடவா வந்த? என்ட புள்ளயத் தேடி வந்த. அல்லாஹ்வுக்குத் தெரியும்," என்று சொல்லி, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். மணல் சுட்டது. அரசமரத்தைச் சுற்றி வெள்ளை உடுத்தவர்கள் குடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பெண்பிள்ளை யாரைக் கண்டாலும் அவள் நடை நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க எங்காவது ஓடிவிடலாம் போல இருந்தது.

அங்கிருந்த பிக்கு, ஹாமுதுரு, வயதானவர். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். எங்களுக்கு இரண்டு பிளாஸ்டிக் கதிரை போடச் சொன்னார். என்னுடைய சிங்களம் புறக்கோட்டையில் சாமான் வாங்கப் போய்ப் பழகியது. ஆணி, தகரம், பெயின்ட் என்றால் வெட்டி விழுத்துவேன். பிள்ளையைப் பற்றிச் சொல்ல வந்ததும் நாக்கு தடுமாறியது. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அந்த நாட்களில் சில பிள்ளைகள் இங்கே இருந்தார்கள். எல்லோரையும் சொந்தக்காரர்கள் வந்து கூட்டிப் போய்விட்டார்கள். இப்போது ஒருவரும் இல்லை," என்றார்.

அப்படியே தங்கச்சிக்குச் சொன்னேன். அவள் அழுவாள், எழும்பி வருவாள், பஸ்ஸில் வைத்து எப்படியாவது சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அவள் அசையவில்லை.

"வேற பன்சலையள்ல விசாரிக்க ஏலுமா எண்டு கேளுங்க காக்கா."

கேட்டேன். அவர் உடனே ஒரு கொப்பியை எடுத்தார். நல்ல மனிதர், அதுதான் வினை. வயதைக் கேட்டார். உயரத்தைக் கேட்டார். தங்கச்சி எழுந்து நின்று தன் இடுப்பில் கையை வைத்துக் காட்டினாள். அடையாளம் கேட்டார். இடது முழங்காலில் சூட்டுத் தழும்பு என்றாள். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். பிறகு, அன்றைக்கு என்ன உடுத்திருந்தாள் என்று கேட்டார்.

அதைத் தங்கச்சிக்குச் சொன்னேன். அவள் உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினாள். "தெரியாதே காக்கா. அண்டைக்கு அவ கடக்கரையில மாமிட ஊட்டுலதானே நிண்ட. மாமிதான் குளிக்க வாத்து உடுத்துவிட்டிருப்பா. அவவும் கடலோட போயிட்டா."

அம்மாவுக்குத் தெரியாதாம் என்றுதான் நான் சொல்லியிருக்க வேண்டும். அதற்குத்தான் வாயைத் திறந்தேன்.

"மஞ்சள் கவுன். முதுகில் மூன்று பொத்தான். நடுப்பொத்தான் இல்லை," என்றேன்.

ஹாமுதுருவின் பேனை நின்றது. அவர் தங்கச்சியைப் பார்த்தார். அவள் இன்னும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தார்.

"மாத்தயா, பிள்ளையை நீங்கள் எங்கே கண்டீர்கள்?"

தங்கச்சி என் பக்கத்தில்தான் இருந்தாள், அவளுடைய முழங்கை என் முழங்கையில் பட்டுக்கொண்டிருந்தது. அவளுக்குச் சிங்களத்தில் ஒரு சொல்லும் விளங்காது. நான் சொல்லத் தொடங்கினேன். டிரெக்டர் பெட்டியைச் சொன்னேன். துணி இல்லாமல் என் சாரனைக் கிழித்துச் சுற்றியதைச் சொன்னேன். எந்த வரிசை, எத்தனையாவது குழி என்றும் சொன்னேன். இதை நான் ஒரு மனிதருக்குச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஹாமுதுரு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஓம் காக்கா," என்று தங்கச்சி என் முதுகைத் தடவினாள். "வடிவாச் சொல்லுங்க. ஒண்டையும் விட்டிராதீங்க."