கை படாத காசு

சிவப்பு வெல்வெட்டுப் பெட்டி அது. மூடியைத் திறந்தால் நடுவில் வட்டமாக ஒரு குழி; குழிக்குள் ஒரு பொற்காசு. எங்கோ ஒரு தீவு நாட்டில், செலவுக்கல்ல, சேகரிப்பவர்களுக்கென்றே கண்ணாடிபோல் மெருகேற்றி அடித்தது. காசின் நடுவே ஒரு பாய்க்கப்பல். அதைச் சுற்றியிருந்த வெற்றிடத்தில் என் மூக்குத்திகூடத் தெரிந்தது. எழுபதுகளில் நான் தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். அத்தை வீட்டில் தங்கியிருந்தேன். காசைக் கொண்டுவந்தவர் மாமா.

மாமா சரக்குக் கப்பலில் சமையல்காரர். ஓய்வுபெற்ற கேப்டன் ஒருவர், பல வருஷம் சோறு போட்டதற்காக அதைக் கொடுத்தாராம். தங்கத்தின் விலையைப்போல மூன்று மடங்கு கொடுத்து வாங்க ஆளிருக்கிறது என்றும் சொன்னாராம். அதை விற்று ஒரு சாப்பாட்டுக் கடை போடுவது, அப்புறம் கப்பலே ஏறுவதில்லை என்று மாமா முடிவு கட்டிவிட்டார். அப்போதே அவருக்கு நெஞ்சுவலி வந்துகொண்டிருந்தது. ஆனால் கையெழுத்துப் போட்ட பயணம் ஒன்று பாக்கியிருந்தது; காசுக்கு ஆள் தேட நேரமில்லை. "ஏளா, இதக் கையால மட்டும் தொட்டிராத. கை பட்டா வெல போயிரும்" என்று அத்தையிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அத்தை முத்து வியாபாரி வீட்டுப் பெண். பூட்டிவைத்த முத்து மங்கிப்போகும், அரிசி மாவு தொட்டு மெல்லிய துணியால் துடைத்தால்தான் உயிரோடிருக்கும் என்பது அவள் பிறந்த வீட்டு வழக்கம். முத்துக்குளிப்பு நின்று வருஷக்கணக்காகியும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. சனிக்கிழமைதோறும் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, காசைத் துணியாலேயே எடுத்து, செபமாலை முடியும்வரை மாவு தொட்டுத் தேய்ப்பாள். ஒரு விரல்நுனி பட்டதில்லை. "பளபளன்னு இருக்கு அத்தை" என்று மெச்சியவள் நான்தான். பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த இங்கிலீஷ் காகிதத்தை, நாள் முழுக்க இங்கிலீஷில் டைப் அடித்த இந்த மகாராணி ஒருநாளும் பிரித்துப் பார்க்கவில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து மாமா வந்தார். மதுரையிலிருந்து ஒரு நாணய வியாபாரியை வரவழைத்தார். அவர் காசை லென்ஸ் வைத்துப் பார்த்தார், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், கீழே வைத்துவிட்டார். "யாரோ தேய்ச்சிருக்காங்க ஐயா. பூரா மயிரிழைக் கீறல். இனி இது வெறும் தங்கந்தான்."

"கையே படலியே... துணியாலதான தொட்டேன்" என்றாள் அத்தை. இரண்டு மூன்று தடவை அதையே சொன்னாள். அப்போதுதான் அந்தக் காகிதத்தைப் பிரித்தேன். எதைக்கொண்டும் துடைக்கக் கூடாது என்று இரண்டாவது வரியிலேயே அச்சிட்டிருந்தது. வாய்விட்டுப் படிக்கத் தைரியம் வரவில்லை. பாவி, அத்தை சாகும்வரை வரவில்லை.

மாமா திட்டவில்லை. திட்டித் தீர்த்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். "எடைக்குப் போட்டா கடைக்கு அட்வான்ஸ் கூட வராது. கெடக்கட்டும் விடு, இன்னும் ரெண்டு ட்ரிப் போயிட்டு வாரேன்" என்று பெட்டியை அவளிடமே கொடுத்தார். இரண்டாவது பயணத்தில் கப்பலின் அடுப்படியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். உடலைக் கடலிலேயே இறக்கிவிட்டார்கள். தந்தி இங்கிலீஷில் வந்தது. அதை அத்தைக்கு வாசித்துச் சொன்னது நான்.

அடுத்த சனிக்கிழமையும் அவள் மாவும் துணியும் எடுத்து உட்கார்ந்தாள். எனக்குத் தாங்கவில்லை. "இனி எதுக்கு அத்தை இந்தக் கண்றாவி?" என்று கத்திவிட்டேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அவுக சாமான் மங்கிரக் கூடாதுல்லா."

சாகும்வரை தேய்த்தாள். இப்போது அந்தப் பெட்டி என் பீரோவில் இருக்கிறது. நேற்று திறந்தேன். காசில் முகம் தெரியவில்லை. கப்பலின் பாய்மரம் எது, அலை எது என்றும் சொல்ல முடியவில்லை. ஒரே ஒருமுறை பிரித்து மடித்த அந்தக் காகிதம் மட்டும் புதிதுபோல் இருக்கிறது.