உதட்டில் கவ்விய திருகாணிகள்

கம்ப்யூட்டரைப் பழுது பார்க்க வந்தவர் ஒல்லி. கழற்றிய திருகாணிகளை உதட்டில் கவ்விக்கொள்வார். அதனால் எதைக் கேட்டாலும் "ம்"தான்.

எங்கள் பனியன் கம்பெனிக்கு டிசைன் போட என் மகன் கோயமுத்தூரில் சொல்லிச் செய்த பெட்டி அது. வந்த அன்றே 'பீப் பீப்' என்று மூன்று தரம் கத்தியது; திரை இருண்டே கிடந்தது. மறுநாள் காலையில் டிசைனைக் காட்டாவிட்டால் ஆர்டர் வீரபாண்டி கம்பெனிக்காரர்களுக்குப் போய்விடும்.

அவர் பெட்டிக்குள் இருந்த சர்க்யூட் அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ரப்பரால் துடைத்துச் செருகினார். ஒவ்வொரு தடவையும் அது அதேபோல் கத்தியது. எனக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். ஆனால் தையல் மெஷின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவேன். இந்தக் கத்தல் எனக்குப் பிடிபடவில்லை.

"ஏங்கண்ணு, செத்துப்போச்சா?"

திருகாணிகளைக் கையில் எடுத்துக்கொண்டார். "உசுரு வந்தாத்தானுங்கம்மா சாகறதுக்கு. மெயின் போர்டே கோளாறுங்க. வேற போர்டு மெட்ராஸ்ல இருந்துதானுங்க வரோணும்."

மகன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். அவரோ மூடியைப் பொருத்தி, எல்லாத் திருகாணியையும் நிதானமாக முறுக்கினார்.

"ஓடாத பெட்டிக்கு எதுக்குக் கண்ணு இத்தனை முறுக்கு?"

"பஞ்சு உள்ளே பூந்துருமுங்களே, அம்மா."

ஆர்டர் போயிற்று, பின்னால் கம்பெனியும் போயிற்று. பஞ்சு பறக்க அங்கே இப்போது ஒரு மெஷினும் இல்லை. அவர் முறுக்கியதில் ஒரு திருகாணிகூட இன்னும் தளரவில்லை.