லைட்டா சாப்பாடு போடு

பசிக்கிறது என்று சொல்லத் தெரியாத ஓர் உயிர், தன் பசியை வேறு எப்படித்தான் சொல்லும்? போன மழைக்காலத்திலிருந்து இதை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னும் பதில் தெரியவில்லை.

நாங்கள் இருப்பது கும்மிடிப்பூண்டியில், சிப்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடி வீட்டில். கணவருக்கு அங்கேயே ஒரு தொழிற்சாலையில் வேலை. ஷிஃப்ட், ஓவர்டைம் என்று ஓடுகிறவருக்கு இருக்கும் ஒரே ஆசை, ஹாலில் வைத்திருக்கும் உப்புத்தண்ணீர் மீன்தொட்டி. பிரசவத்துக்காகப் பொன்னேரியில் அம்மா வீட்டுக்குப் போயிருந்த நான், மகளுக்கு ஐந்து மாதம் ஆனதும் திரும்பி வந்தபோது தொட்டியில் புதிதாக ஒன்று இருந்தது. கோழிக்கொண்டைப் பூவின் நிறம். தண்டு நுங்கு மாதிரி ஒளி ஊடுருவும். விரிந்தால் என் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருக்கும். மென்பவளம் என்றார்; பூப்போல இருந்தாலும் உயிருள்ள பிராணியாம். பல மாதம் தேடி வாங்கியதாம். மகள் அதைப் பார்த்தால் அழுகையை நிறுத்திவிடுவாள்.

நான் வந்த அதே வாரம் கம்பெனியில் அவரை மூன்று மாதத்துக்குக் குஜராத்துக்கு அனுப்பினார்கள். அவசர அவசரமாகக் கிளம்பினார். தண்ணீர் எப்போது ஊற்ற வேண்டும், உப்பு எவ்வளவு, மீனுக்கு எத்தனை உருண்டை என்று ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, தொட்டிக்கு மேலே ஒட்டிவிட்டுப் போனார். பவளத்தை மட்டும் எழுத மறந்துவிட்டார். அது ஞாபகம் வந்து ரயிலிலிருந்து கூப்பிட்டார். இரைச்சலில் குரல் விட்டு விட்டுக் கேட்டது. “அந்த செவப்புக்கு லைட்டு... சாப்பாடு போட்டு...” என்றதோடு லைன் கட்டாகிவிட்டது.

“லைட்டா சாப்பாடு போடு” என்று எனக்கு நானே முடித்துக்கொண்டேன். மறந்துவிடக் கூடாது என்று அந்தத் தாளின் அடியில், ‘சிவப்பு: லைட்டாகச் சாப்பாடு’ என்று எழுதியும் வைத்தேன். என் எழுத்து என்பதால்தானோ என்னவோ, அதன்பிறகு எனக்குச் சந்தேகமே வரவில்லை. எல்லாவற்றுக்கும் சந்தேகப்படுகிறவள் நான். மகளைக் குளிக்க வைக்கும் தண்ணீரில் மூன்று முறை முழங்கையை வைத்துப் பார்ப்பேன். இதில் மட்டும் திரும்பக் கேட்கவில்லை.

தினமும் காலையில் ஒருமுறை, அவர் வாங்கி வைத்திருந்த உணவுத் தூளில் கரண்டி நுனியளவு எடுத்துத் தண்ணீரில் கரைத்து விட்டேன். ஒருநாளும் தவறவில்லை. அதிகம் போட்டால் தண்ணீர் கெட்டுவிடும் என்று எங்கோ படித்திருந்ததால், இன்னும் கொஞ்சம் போடலாமா என்று தோன்றும்போதெல்லாம் தாளைப் பார்ப்பேன். கை நின்றுவிடும்.

மூன்றாவது வாரத்தில் பவளம் சுருங்கத் தொடங்கியது. உள்ளங்கைக்கும் மேலாக விரிந்தது எலுமிச்சம்பழம் அளவானது. தூங்குகிறது என்று நினைத்தேன். கீழ்வீட்டு அக்கா மகளைக் கொஞ்ச வரும்போது தொட்டியையும் எட்டிப் பார்ப்பார்.

“இன்னாம்மா, உங்கூட்டுக்காரரு பூவு வாடிக்கினே போவுது? பசிக்குதோ இன்னாவோ.”

“இல்லக்கா, அதுக்கு லைட்டா போட்டா போதும்னு சொல்லியிருக்காரு.”

“லைட்டா போட்டா அதுவும் லைட்டாதான் இருக்கும். பாப்பாவுக்கு மட்டும் மணிக்கு ஒருதபா ஊட்டுற, இதுக்கு ஒருவேளதானா?”

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அவர் தினமும் வீடியோ காலில் வருவார். நான் போனை மகள் பக்கமே வைத்திருப்பேன். தொட்டியைப் பற்றிக் கேட்டால் தூரத்திலிருந்து மீன்களைக் காட்டுவேன். அங்கே தனியாகக் கஷ்டப்படுகிறவரைக் கவலைப்படுத்த வேண்டாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே, “அந்த செவப்பக் காட்டு, கிட்ட போ” என்றார். காட்டினேன்.

“எத்தினி தபா போடுற?”

“ஒரு தடவை. நீங்கதானே லைட்டா போடச் சொன்னீங்க?”

“லைட்டாவா? லைட்டு வேணாம், சாப்பாடு போட்டுக்கினே இருன்னு இல்ல சொன்னேன்.”

அதன்பிறகுதான் விளக்கினார். மற்ற பவளங்களின் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி இருக்குமாம். விளக்கு வெளிச்சத்தில் அது சமைத்துத் தருவதை உண்டு அவை பிழைத்துக்கொள்ளும். இந்தச் சிவப்புக்கு அந்தப் பாசி கிடையாது. தண்ணீரில் மிதந்து வருகிற பொடிப்பொடி உணவை நாள் முழுக்கத் தின்றால்தான் உயிரோடு இருக்கும். ஒரு மாதத்துக்கும் மேலாக நான் அதைப் பட்டினி போட்டிருக்கிறேன். அதுவும் ஒருநாள் தவறாமல், நேரம் பார்த்து.

அன்றிலிருந்து மணிக்கு ஒருமுறை, மகளின் சொட்டு மருந்துக்கு வைத்திருந்த ஃபில்லரால் பவளத்தின் பக்கத்திலேயே உணவை விட்டேன். தண்ணீர் கலங்கியது. இடுப்பில் குழந்தையோடு வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றினேன். ஐந்தாம் நாள் காலையில் லேசாக விரிந்து, குட்டிக்குட்டி விரல்களை நீட்டியது. “பாரு, பாரு” என்று மகளைத் தூக்கிக் காட்டினேன். ஒன்பதாம் நாள் அடித்தண்டு கூழாகி, பாறையை விட்டுக் கழன்று பம்ப்பின் ஓரத்தில் ஒட்டிக் கிடந்தது. வெளியே எடுத்தபோது கையில் நிற்கவில்லை. வழிந்தது.

“வுடு, நான் எழுதி வெச்சிட்டுப் போயிருக்கணும்” என்றார். திட்டியிருந்தால் அழுது முடித்திருப்பேன்.

அவர் திரும்பி வந்து பல மாதம் ஆகிவிட்டது. மகள் சற்று அதிகம் தூங்கினாலும் இன்றும் எழுப்பிவிடுகிறேன். அதற்காகவும் அழுகிறாள். பசியா, தூக்கமா என்று தெரியாமல் நிற்கிறேன். டாக்டர் எடை சரியாக இருக்கிறது என்கிறார். அந்தப் பவளத்தையும் அப்படித்தானே நம்பிக்கொண்டிருந்தேன் என்று உள்ளே ஏதோ சொல்கிறது.

பாறையில் பழைய பவளம் இருந்த இடத்துக்குப் பக்கத்தில், நகத்தளவு சிவப்பாக ஒரு துணுக்கு ஒட்டியிருக்கிறது. சாவதற்கு முன் அதுவே உதிர்த்துவிட்டுப் போனதாக இருக்கலாம் என்கிறார் இவர். அது வளரவும் இல்லை, சாகவும் இல்லை. சில நாள் விரிகிறது, சில நாள் மூடிக் கிடக்கிறது. இரண்டுக்கும் எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

இந்தப் பவளத்தை வளர்த்துப் பழகியவர்கள் இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். அதற்குப் பசிக்கிறது என்று எதை வைத்துத் தெரிந்துகொள்கிறீர்கள்? எவ்வளவு, எத்தனை முறை கொடுக்கிறீர்கள்? தயவுசெய்து முழுதாக எழுதுங்கள். பாதியில் நின்ற வாக்கியத்தை நானே முடித்துக்கொள்ளும் தைரியம் இனி எனக்கு இல்லை.