பதினைந்துக்கு இரண்டு

தேவி தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தபோது நான் கிளினிக் கதவைத் திறந்துகொண்டிருந்தேன். மலேசியாவில் மந்தின் என்ற ஊர்ப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நான் நர்ஸ்; தோட்டத்தாருக்கு 'மிஸ்ஸி'. அவள் பிள்ளைக் காப்பகத்தில் வேலை பார்ப்பவள். தவழும் வயதுப் பையன், வாளித் தண்ணீரில் தலைகுப்புற விழுந்திருந்தான். உதடு நீலம். மூச்சில்லை. மேல்கையில் நாடியும் தட்டவில்லை.

தோட்டத்துக் கணக்கர் கிராணி ஆம்புலன்ஸுக்கு போன் போட்டுவிட்டு, வழிகாட்டத் தோட்டத்து வாசல் கேட்டுக்கு ஓடினார். செரம்பான் நகரிலிருந்து வண்டி வரவேண்டும். பையனை மேசையில் கிடத்தி, மாஸ்க்கோடு இணைந்த காற்றுப் பையால் முதலில் மூச்சுக் கொடுத்தேன். பிறகு நெஞ்சை அமுக்கத் தொடங்கினேன்.

தனி ஆளென்றால் முப்பது அமுக்கு, இரண்டு மூச்சு. இரண்டு பேர் இருந்தால் கைக்குழந்தைக்கும் சிறுபிள்ளைக்கும் பதினைந்துக்கு இரண்டு. பெரியவர்களுக்கு எப்போதும் முப்பதுதான். என்னிடம் சிபிஆர் பயிற்சி எடுத்தவள் அங்கே தேவி மட்டுமே.

"தேவி, தலப்பக்கம் வா. நான் பதினஞ்சு எண்ணுனதும் காத்துப் பைய ரெண்டு வாட்டி அமுக்கு."

"முடியாது மிஸ்ஸி. எம்புள்ள."

"வேற ஆளு இல்லம்மா."

வந்தாள். மாஸ்க்கை அவன் முகத்தில் பொருத்தினாள். நான் இரு கைகளாலும் அவன் மார்பைச் சுற்றிப் பிடித்து, இரண்டு கட்டைவிரல்களால் அமுக்கினேன். பதற்றத்தில் என் எண்ணிக்கை ஓடியது.

"மிஸ்ஸி, நெஞ்சு மேல வரல. விட்டு விட்டு அமுக்குங்க."

அவள் சொன்ன பிறகுதான் என் விரல்கள் எழும்பாமல் அழுந்தியே கிடந்தது தெரிந்தது. இரண்டு நிமிடமானதும் இடம் மாறினோம். பெற்ற பிள்ளையின் நெஞ்சை அவளே அமுக்கினாள், உரக்க எண்ணியபடி. கண்ணீர் மேசையில் சொட்டியது, எண்ணிக்கை தடுமாறவில்லை. மறுபடி மாறத் தயாரானபோது பையன் இருமினான். பக்கவாட்டில் திருப்பினேன். தண்ணீர் வந்தது, பிறகு மெல்லிய அழுகை.

ஆம்புலன்ஸ் இருவரையும் ஏற்றிச் சென்றது. என்னால் உட்கார முடியவில்லை. துடைத்த மேசையையே திரும்பத் திரும்பத் துடைத்தேன். போன் அடிக்கும் போதெல்லாம் துணியைப் போட்டுவிட்டு ஓடி எடுத்தேன். சாயங்காலம் தேவி பேசினாள்: சொந்தமாக மூச்சு விடுகிறான், பால் கேட்டு அழுகிறான்.

அமுக்குகிறவருக்குத் தன் கையின் தவறு தெரியாது. எதிரில் நிற்பவருக்குத்தான் தெரியும். ஆகவே இளம் நர்ஸுகளுக்கு ஒன்று சொல்வேன்: பக்கத்தில் இருப்பவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், கண்டதை வாய்விட்டுச் சொல்லுங்கள். அன்று தேவி எனக்கு மரியாதை பார்த்திருந்தால், பையன் இருமியிருக்க மாட்டான்.