பையில் இருந்த அடாப்டர்

ஸ்பீக்கர், கீபோர்டு பழுதுபார்க்கும் அவருக்கு வீட்டில் 'வோல்ட்டு' என்று பெயர். எந்த அடாப்டரையும் அவர் அப்படியே செருகிவிடமாட்டார். முதலில் சாதனத்தைக் கவிழ்த்து அடியில் உள்ளதைப் படிப்பார். வோல்ட் அதே அளவு இருக்க வேண்டும், ஆம்பியர் குறையக்கூடாது, பின்னின் நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்பதும் பொருந்த வேண்டும்.

அவர் மனைவியின் பிழைப்பே கீபோர்டு இசை வகுப்புதான். அதன் அடாப்டர் செத்துப்போனதும், அவளுடைய தம்பி தன் வீட்டு வைஃபை பெட்டியின் அடாப்டரைக் கழற்றிக்கொண்டு வந்தான்.

கடையிலிருந்து அப்போதுதான் வந்தவர் அதை வாங்கிப் பார்த்தார். கீபோர்டுக்கு ஒன்பது வோல்ட், நடுவில் மைனஸ். இது பன்னிரண்டு, நடுவில் பிளஸ்.

"இது வேணாம் மாப்ள."

"பின் உள்ள போகுதுல்ல மாமா? நீங்க சாப்பாட்டுத் தட்டக்கூட கவுத்துப் படிச்சுட்டுத்தான் சாப்பிடுவீங்க."

"தட்டு என்னடா தட்டு," என்றாள் மனைவி. "பொண்ணு பாக்க வந்தப்ப என்னையே அப்படித்தான் பாத்தாரு."

வகுப்புக்கு வந்திருந்த பிள்ளைகளும் சிரித்தார்கள். அவர் விலகி நின்றார்.

"சரி, போடு."

தம்பி செருகியதும் கீபோர்டின் விளக்கு ஒருமுறை எரிந்தது. பிறகு கருகிய வாடைதான் வந்தது. பிள்ளைகளை அனுப்பிவிட்டு அவள் கேட்டாள். "தெரிஞ்சும் கையக் கட்டிக்கிட்டு நின்னீங்களே?"

"வேணாம்னு சொன்னேனே."

டிபன் டப்பாவை எடுக்க அவருடைய பையைத் திறந்தாள். உள்ளே புது அடாப்டர் ஒன்று இருந்தது. ஒன்பது வோல்ட், நடுவில் மைனஸ். அதில் ஒட்டியிருந்த சீட்டில் 'வீட்டு கீபோர்டு' என்று அவர் கையெழுத்து.

"அத வெளிய எடுக்காத," என்றார் அவர். "நாளைக்குக் கடையில வேற யாருக்காவது ஆகும்."